நாலாம் நம்பர் மெஷின்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மட்டும் பதினேழு பேரிடம் வருத்தம் தெரிவித்தேன். பார்சல் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேறென்ன வேலை! "தங்கள் பொதி தவறான முகவரியில் ஒப்படைக்கப்பட்டிருப்பது தெரியவந்துள்ளது. வருந்துகிறோம்." இந்த இரண்டு வரிகளும் கணினியில் தயாராக இருக்கின்றன. பெயரையும் எண்ணையும் மாற்றினால் போதும். எதிர்மேசை அக்கா இன்றும் சொன்னார்: "நீ வாயத் திறந்து பேசுறதவிட மன்னிப்பு கேக்கறதுதான்டி அதிகம்."

சாயங்காலம் எங்கள் குழுவின் பாடகி மைனா ஒரு படிவம் அனுப்பினாள். ஊரில் உள்ள இசைக்குழுக்களைப் பற்றி எழுதும் ஒரு இணையதளம் எங்கள் குழுவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறதாம். மே மாதத் திறந்தவெளி மேடைக்குக் குழுக்களைத் தேர்ந்தெடுப்பதும் அவர்கள்தான். நாலு பேரும் ஆளுக்கொரு படத்தோடு மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். இசைப் பின்னணி, கருவிகள், யாருடைய தாக்கம். எல்லோருடையதையும் மைனாதான் தொகுத்து அனுப்புகிறாள்.

படிவங்கள் எனக்குப் புதிதல்ல. "பெற்றோர் கல்வித் தகுதி" என்ற கட்டத்தில் கோடு போட்டுக் கோடு போட்டே பட்டம் வாங்கியவள். இசைப் பின்னணிக்கும் கோடுதான் போடலாம் என்றிருக்கிறேன்.

மார்ச் 4, புதன்

மைனாவிடம் போனில் அதைச் சொன்னேன். கத்தினாள். "கோடு போட்டு அனுப்பினேன்னா உன் கைய ஒடிச்சிருவேன். உள்ளத உள்ளபடி எழுதுடி. எங்கிட்ட ஹாஸ்டல்ல சொன்னியே, அத எழுது."

ஹாஸ்டலில் ஒரே ஒரு முறைதான் சொன்னேன். மூன்று வருடம் ஒரே அறை. இன்னும் நினைவு வைத்திருக்கிறாள்.

மார்ச் 5, வியாழன்

எழுதிவிட்டேன். மதிய இடைவேளையில், அலுவலகக் கணினியில், யாராவது எட்டிப்பார்த்தால் மறைக்க ஒரு மன்னிப்புக் கடிதத்தைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு. எனக்கென்று ஒரு பிரதி இங்கே.

*இசைப் பின்னணி:* என் அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார். எனக்கு ஆறு வயதில் அப்பா இறந்த பிறகு, பள்ளி விட்டதும் நான் நேராக அங்கே போய்விடுவேன். மூட்டைகளுக்கு நடுவே, மூன்றாம் எண் இயந்திரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அது சுழலத் தொடங்கும்போது வரும் ஓசை, காதுக்கு வருமுன் முதுகுக்கு வந்துவிடும். மெதுவாக ஏறி ஒரு இடத்தில் நிலைத்து நிற்கும். அந்த இடத்தில் பென்சிலை வைத்துவிட்டு மூச்சை அதோடு சேர்ப்பேன். வேறு பயிற்சி இல்லை.

*கருவி:* கல்லூரி இசைமன்றத்தின் சாமான் அறையில் கிடந்த நாலு கம்பி பேஸ் கிட்டார். கழித்துக்கட்டியபோது கேட்டு வாங்கிக்கொண்டேன். அதன் மெல்லிய கம்பியில், விரல் அழுத்தும் ஐந்தாம் கட்டத்தில் மட்டும் சுரம் நிற்காது. தொட்டதும் செத்துவிடும். பழுது பார்ப்பவர், "மரமே அத முழுங்கிடுதும்மா, ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அதனால் அந்தச் சுரம் வரும் இடங்களில் எல்லாம் பக்கத்துக் கம்பிக்கு மாறி, ஐந்தாம் கட்டத்திலிருந்து பத்தாம் கட்டம் வரை வழுக்கி ஏறி அங்கே அதைப் பிடிக்கிறேன். சுற்றுவழிதான். ஆனால் கேட்பவர்களுக்கு அது பிடித்திருக்கிறது.

*தாக்கம்:* எங்கள் பாடகியின் இடது தோள். ஒவ்வொரு அடியையும் பாடத் தொடங்குமுன் அது இம்மி உயரும். நான் எண்ணிக்கை வைத்துக்கொள்வதில்லை, அந்தத் தோளைப் பார்த்தே வாசிக்கிறேன். அது என்னிடம் பொய் சொன்னதே இல்லை.

அனுப்பிய பிறகு காது இரண்டும் சுட்டன. ஊரறிய அம்மாவைச் சலவைக்கூடத்தில் நிறுத்திவிட்டேனே. வெட்கமா? இல்லை. வெட்கமாக இருக்குமோ என்ற பயம். அது வேறு.

மார்ச் 8, ஞாயிறு

ஒத்திகை. மெத்தைக்கடை கிடங்கில்தான் வழக்கம்போல. கிட்டார் வாசிப்பவனின் மாமா கடை அது. அவனுக்கு அவனே வைத்துக்கொண்ட பெயர் தலைவர். சுற்றிலும் கூரை வரை மெத்தைகள், அதனால் சத்தம் வெளியே போகாது. பிளாஸ்டிக் உறையோடு இருப்பதால் யார் உட்கார்ந்தாலும் கிறீச்சென்று ஒரு சத்தம். தாளக்காரன் இடி உட்கார்ந்தால் மூன்று மெத்தை சேர்ந்து அலறும்.

என் பதிலை மைனா இடிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள் போல. அவன் என்னைப் பார்த்து, "ஏ பூனை, இவ்ளோ நாளா வாஷிங் மெஷின் கூடத்தான் வாசிச்சுக்கிட்டிருந்தோமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். மைனா மட்டும் என் பக்கத்து மெத்தையில் வந்து உட்கார்ந்து, தோளால் என் தோளை இடித்தாள். "என்னப் பத்தி யாரும் இப்படி எழுதுனதில்லடி" என்றாள். கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியிருந்தது.

கிளம்பும்போது தலைவர், "பூனை, அஞ்சு பாட்டுக்கும் உன் விரல் மட்டும் தெளிவா தெரியற மாதிரி வீடியோ எடுத்து அனுப்பு. நாளைக்கு மறந்து போச்சுன்னா? ஒரு பதிவா இருக்கட்டும்" என்றான்.

நாலு வருடத்தில் முதல் முறையாக நான் வாசிப்பதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

மார்ச் 14, சனி

நகம் வெட்டி, கையில் எண்ணெய் தடவித் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஐந்து பாட்டையும் எடுத்தேன். போனை அம்மா பிடித்துக்கொண்டார். "மூஞ்சி தெரியலையேடி?" "மூஞ்சி வேணாம்மா, விரல் போதும்." "இது என்ன போட்டோவோ!" மூன்றாவது பாட்டில் அந்த ஏற்றத்தை மட்டும் மெதுவாக ஒரு முறை தனியாக வாசித்துக் காட்டினேன், புரியட்டும் என்று. யாருக்குப் புரிய? நாளைக்கு மறந்துபோனால் எனக்குத்தான்.

மார்ச் 15, ஞாயிறு

ஒத்திகை இல்லை. புது மெத்தை வந்து கிடங்கு நிறைந்துவிட்டதாம்.

மார்ச் 22, ஞாயிறு

இன்றும் இல்லை. மெத்தை. ஊரில் இவ்வளவு பேரா தூங்குகிறார்கள்?

மார்ச் 29, ஞாயிறு

கிட்டாரைத் தோளில் மாட்டும் பட்டையைக் கிடங்கிலேயே விட்டிருந்தேன். ஒத்திகை இல்லை என்று நேற்றே மைனா சொல்லியிருந்தாள். கடைப் பையனிடம் கேட்டு எடுத்துவரலாம் என்று மதியம் போனேன்.

கிடங்கின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. வாசலில் இடியின் வண்டி. மைனாவின் பச்சைக் குடை.

கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். தட்டவில்லை. திரும்பி நின்று கதவில் முதுகைச் சாய்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. பழக்கம்.

மூன்றாவது பாட்டு. இரண்டாம் அடி முடிந்தது. அந்த இடம் வந்தது. பக்கத்துக் கம்பிக்கு மாறி, வழுக்கி, ஏறி, பத்தாம் கட்டம். இரும்புக் கதவு வழியாக என் முதுகுத்தண்டில் ஏறியது. என் சுற்றுவழி. நான் இங்கே நிற்கிறேன், என் விரல் உள்ளே வாசிக்கிறது.

நல்ல கருவி. அது இரும்பு வழியாகவே தெரிந்தது. எந்தச் சுரமும் சாகாத கருவி. அப்புறம் எதற்கு அதை வாசிக்கிற எவனோ சுற்றிப் போகிறான்? நேராகவே தொட்டிருக்கலாமே! என் கிட்டாரின் ஊனத்தையும் சேர்த்து மனப்பாடம் பண்ணியிருக்கிறான், அது ஊனம் என்று தெரியாமலே.

பாட்டு முடிந்தது. மைனாவின் குரல்: "சூப்பர்! அச்சு அசல் அவள மாதிரியே இருக்கு."

அவளை மாதிரியே.

பட்டையை வாங்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 30, திங்கள்

மைனாவுக்கு போன் செய்தேன். கேட்கத்தான் செய்தேன். ஆனால் வாயில் வந்தது, "அடுத்த ஞாயிறு ஒத்திகை இருக்கா?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்கடி! அந்த மெத்த இன்னும் போகல. நீ நல்லா ரெஸ்ட் எடு."

சரி என்றேன். வைக்கும்போது "தேங்க்ஸ்" வேறு சொன்னேன். எனக்கே என்னை அறையலாம் போலிருந்தது.

ஒரே அறையில் மூன்று வருடம். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊட்டியவள். அந்தச் சாமான் அறையில் ஒளிந்து நான் இந்தக் கிட்டாரைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து, கையைப் பிடித்து இழுத்துப்போய் தலைவர் முன்னால் நிறுத்தியவளும் இவள்தானே? இழுத்தவளே தள்ளுவாளா? தள்ளுகிறாள். ஒரு இருமல்கூட இல்லாமல்.

ஏப்ரல் 2, வியாழன்

இருபத்திரண்டு மன்னிப்பு. ஒருவர் போனில் கத்தினார், "என் சாமான வேற எவனோ கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கான், நீங்க கம்முனு இருக்கீங்க!" கம்மென்றுதான் இருந்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

பக்கம் வெளியாகியிருக்கிறது. எதிர்மேசை அக்காதான் காட்டினார். "உன் குழுதானே இது? உன்னக் காணோமே?"

பாடகி, கிட்டார், தாளம். நாலாவதாக ஒருவன். தலைமுடியை உச்சியில் முடிந்துகொண்டு, மேடையில் துள்ளுகிற படம். கையில் பளபளவென்று ஐந்து கம்பி பேஸ். "குழுவின் புதிய முதுகெலும்பு" என்று தலைப்பு.

படத்துக்குக் கீழே பதில்கள்.

என் அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார். எனக்கு ஆறு வயதில் அப்பா இறந்த பிறகு...

முதலில் புரியவில்லை. அக்கா பக்கத்தில் நின்று வாசித்துக்கொண்டே போனார். "ஐயோ பாவம், இந்தப் பையன் எவ்ளோ கஷ்டப்பட்டு வந்திருக்கான் பாரேன்" என்றார். "ஆமாக்கா" என்றேன். ஆமாக்கா என்றேன்!

ஒரு எழுத்து மாறவில்லை. சாமான் அறை, செத்த சுரம், பழுது பார்ப்பவர் சொன்னது, எல்லாம் அப்படியே. படத்தில் ஐந்து கம்பி, பதிலில் நாலு. எண்ணிப்பார்க்கக்கூட ஒருவருக்கும் நேரமில்லை.

கடைசியில் அந்தத் தோள். அது என்னிடம் பொய் சொன்னதே இல்லை.

தொகுத்தது மைனா. என் படத்தை எடுத்துவிட்டு அவன் படத்தை வைத்தது அவள் கை. தன் தோளைப் பற்றி நான் எழுதிய வரியைத் தாண்டித்தானே அந்தக் கை போயிருக்கும்? அங்கே ஒரு நிமிடம் நின்றாளா? நின்றிருப்பாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியாது.

குழுவை விட்டுத் தள்ளியதை ஜீரணித்துவிடலாம். மேடையில் நான் உயிரில்லாமல் நிற்கிறேன், ஸ்பீக்கர் பெட்டியில் சாய்ந்துகொண்டு. உண்மைதான். துள்ளுகிறவன் வேண்டுமென்றால் துள்ளுகிறவனை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் என் அப்பா செத்ததை எடுத்து அவனுக்குக் கொடுக்க இவர்கள் யார்?

ஏப்ரல் 7, செவ்வாய்

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சலவைக்கூடத்தின் மடிப்பு மேசையில் அம்மாவோடு துணி மடிப்பவரின் மகள் போனில் காட்டிவிட்டாளாம். முழங்கால் வலி வந்த பிறகு அம்மாவுக்கு மடிப்பு மேசையில்தான் வேலை. "ஏதோ ஒரு தம்பி நம்ம வேலையப் பத்தி எழுதியிருக்காராம்டி, படி" என்று வந்து உட்கார்ந்தார். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

படித்தேன். குரலை ஒரே சீராக வைத்துக்கொண்டு, புகார்க் கடிதம் படிப்பதுபோல.

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவங்கம்மா எந்த ஆஸ்பத்திரி? பாத்தா வசதியான பையனாட்டம் இருக்கான். பாவம், அவங்களும் நம்மள மாதிரிதானா?"

என்னால் முடியவில்லை. அழுதுவிட்டேன். "அம்மா, அது நான் எழுதுனதும்மா. அது நீதாம்மா."

அம்மா போனைக் கவிழ்த்துவைத்தார். பிறகு என் தலையில் கை வைத்து, "நீ அங்க தூங்குறன்னுல்ல நெனச்சிருந்தேன்" என்றார். "அத்தன வருஷமும் கேட்டுக்கிட்டா இருந்த?"

அப்புறம் நெற்றியைச் சுருக்கினார். "ஆனா மூணாம் நம்பர்னு எழுதியிருக்கியே, அது தப்பு. அந்த மூணு பெல்ட் அறுந்து, நீ வந்துக்கிட்டிருந்த வரைக்கும் ஓடவே இல்ல. அது மேலதான் உன் பைய வெப்ப. நீ சாஞ்சது நாலு."

ஏப்ரல் 10, வெள்ளி

இப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ஐந்து கம்பிக்காரனின் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியையாம். கணவர் உயிரோடு, நல்ல உடம்போடு, பேரங்காடியில் பங்குதாரராக இருக்கிறாராம். அந்த அம்மா பக்கத்தைப் படித்துவிட்டு இணையதள ஆசிரியருக்கு நேரடியாக போன் போட்டிருக்கிறார்.

இடிதான் எனக்குச் சொன்னான். அவன் போன் செய்ததே ஆச்சரியம். "அந்தம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? 'நான் எப்பய்யா சலவை பண்ணேன்? எங்க வீட்டுக்காரர எப்பய்யா கொன்னேன்?' ஆசிரியர் ஆடிப்போயிட்டாராம்." சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். "பூனை, எனக்குத் தெரியும், ஆனா நான் ஒண்ணும் சொல்லல. அதுக்காக..." என்று இழுத்தான்.

"நீ தாளம் மட்டும்தான் போட்ட" என்றேன். இவ்வளவு காரமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

ஏப்ரல் 11, சனி

மைனா வீட்டுக்கு வந்தாள். கையில் என் கிட்டார்ப் பட்டை, நுனியில் ஒரு முடிச்சோடு.

அம்மா அவளை எப்போதும்போல, "வா கண்ணு, இளைச்சுட்டியே" என்று உட்காரவைத்தார். அம்மாவிடம் இன்னும் நான் அவள் பெயரைச் சொல்லவில்லை. டீ போட உள்ளே போனார்.

"சொல்லலாம்னுதான்டி இருந்தேன்" என்றாள்.

"எப்ப?"

"தலைவர் திடீர்னு அவனக் கூட்டிட்டு வந்துட்டான். பக்கத்த வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும். அவனுக்கு எழுத வரல. நாலு வரி எழுதினான், கண்றாவியா இருந்துச்சு. உன்னோடதுதான் அவ்ளோ நல்லா இருந்துச்சு. அதனாலதான் நமக்கு அந்த மேடையே கிடைக்கும்னு தோணுச்சு. அழிக்க மனசு வரலடி."

அழிக்க மனசு வரவில்லை. என் படத்தை அழிக்க வந்தது.

அப்புறம் வந்த காரியத்தைச் சொன்னாள். ஆசிரியர் விளக்கம் கேட்கிறார். சரியாக இல்லையென்றால் மேடை போய்விடும். நான் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினால் போதுமாம். "இந்தப் பதில்களை நான்தான் விளையாட்டாக, கற்பனையாக எழுதிக் கொடுத்தேன்." அவ்வளவுதான்.

"கற்பனையா?"

"ஒரு வரிதான்டி. உனக்கென்ன நஷ்டம்? உன் பேரே இல்லையே அதுல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது போல. முகம் வெளிறியது. நான் அவள் தோளைப் பார்த்தேன். பழக்கம்தான். பேசத் தொடங்குமுன் அது உயர்ந்தது, இம்மி. நாலு வருடமாக இதற்காகவே காத்திருந்து காத்திருந்து வாசித்திருக்கிறேன்.

"ப்ளீஸ். இந்த மேட இல்லன்னா எனக்கு வேற ஒண்ணும் இல்ல. எங்க வீட்ல கல்யாணம்னு உக்காந்திருக்காங்க. பாட்டுன்னு காட்ட எனக்கு ஒண்ணாவது வேணும்."

அது பொய்யில்லை. எனக்குத் தெரியும். அதுதான் கஷ்டம்.

யோசிக்கிறேன் என்றேன். அம்மா கொண்டுவந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

தம்ளரை எடுக்க வந்த அம்மா, அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "கற்பனைன்னா, இல்லாததுன்னுதானே அர்த்தம்?"

சமையலறையில் எல்லாம் கேட்டிருக்கிறது.

"எழுதித்தான் குடுக்கணும்னா குடுத்துடு. அந்தப் பொண்ணு உனக்கு எவ்வளவோ செஞ்சிருக்கு. நான் அந்த மெஷின் பக்கத்துல இருந்தேன்னு நாலு பேரு நம்பித்தான் எனக்கு ஆகணுமா?" என்றார். சிரித்துக்கொண்டேதான். ஆனால் அந்தத் தம்ளரை மூன்று முறை கழுவினார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

எழுதிப் பார்த்தேன். "விளையாட்டாக, கற்பனையாக". எழுத்துப் பிழை இல்லை. அனுப்பினால் நாலு பேரும் பிழைத்துவிடுவார்கள். நால்வரில் நான் இல்லை.

அனுப்பினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அப்பா இன்னொரு முறை இல்லாமல் போவார். அம்மாவின் முழங்கால் கற்பனையில் தேய்ந்ததாக ஆகும். அம்மா அதற்கும் சம்மதித்துவிட்டார். எனக்காக. என் தோழிக்காக. அவருக்கு வழக்கம். பெற்றோர் கல்வித் தகுதி: கோடு.

அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

ஏப்ரல் 13, திங்கள்

வேலையில் ஒரு மன்னிப்புக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். "தங்கள் பொதி தவறான முகவரியில் ஒப்படைக்கப்பட்டிருப்பது..." அங்கே விரல் நின்றது. இத்தனை நாளாக எழுதுகிறேன். அந்தப் பக்கம் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? கூச்சப்படாமல் எழுதிக் கேட்கிறார்கள். என் சாமான், இன்ன எண், இன்ன நிறம், எனக்குத் திருப்பிக் கொடு என்று. அவ்வளவுதான் செய்கிறார்கள்.

மதியம் ஆசிரியருக்கு எழுதினேன். நேற்று எழுதியதை அழித்துவிட்டு.

"ஐயா, தங்கள் தளத்தில் பேஸ் வாசிப்பவரின் பதில்களாக வெளிவந்திருப்பவை என்னுடையவை. மார்ச் 5 அன்று நான் அனுப்பிய பிரதியை இணைத்திருக்கிறேன். எதுவும் கற்பனையில்லை. ஆனால் அதில் ஒரு பிழை உண்டு. மூன்றாம் எண் இயந்திரம் என்று எழுதியிருக்கிறேன். நான் சாய்ந்து உட்கார்ந்தது நாலாம் எண். இதைத் திருத்தியவர் அங்கே இருபத்தோரு வருடமாக வேலை செய்யும் என் அம்மா. குழுவின் மேடையைப் பறிக்க வேண்டாம். அவர்கள் நன்றாகவே வாசிக்கிறார்கள்."

கடைசி இரண்டு வரிகளை ஏன் சேர்த்தேன்? தெரியாது. "வருந்துகிறேன்" என்று எழுதத் துடித்த விரலை அடக்கிக்கொண்டேன். அது மட்டும் இல்லை அந்தக் கடிதத்தில்.

ஏப்ரல் 16, வியாழன்

பக்கத்தை எடுத்துவிட்டார்கள். மைனாவிடமிருந்து ஒரு செய்தி: "நல்லா இருடி." வாழ்த்தா சாபமா என்று யோசித்துக்கொண்டே பேருந்தில் என் நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

ஆசிரியர் என் பதில்களைத் தனியாக வெளியிட்டிருக்கிறார். படம் கேட்டார். அம்மா மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கி, உணவு இடைவேளையில் என்னை உள்ளே அழைத்துப்போனார். பழைய நாலாம் நம்பர் இல்லை, அதே இடத்தில் புது இயந்திரம். எண் மட்டும் நாலுதான், கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். சாய்ந்து நின்றேன். மடிப்பு மேசைக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். "இப்பவாவது மூஞ்சி தெரியுதா பாரு" என்று சொல்லிக்கொண்டே அம்மா எடுத்தார்.

கீழே சிறிய எழுத்தில்: "திருத்தம்: மூன்றாம் எண் அல்ல, நாலாம் எண்." அம்மா அந்த ஒரு வரியை மட்டும் எழுத்துக் கூட்டித் தானே படித்தார்.

மே 10, ஞாயிறு

மேடை அவர்களுக்கே கிடைத்தது. நான் போகவில்லை.

மே 12, செவ்வாய்

பதிவை ஒரே ஒரு முறை பார்த்தேன். அவன் நன்றாகத்தான் துள்ளுகிறான். மூன்றாவது பாட்டில் அந்த இடம் வந்தபோது சுற்றிக்கொண்டுதான் போனான். கூட்டம் கத்தியது. கத்தட்டும்.

அடுத்த அடிக்கு மைனாவின் தோள் உயர்ந்தது. அவன் பார்க்கவில்லை. எண்ணிக்கைப்படி முன்னாலேயே வந்துவிட்டான். அவள் ஒரு சொல்லை விழுங்கினாள். சட்டென்று வலப்பக்கம் திரும்பினாள், ஸ்பீக்கர் பெட்டி இருக்கும் பக்கம். அங்கே யாரும் இல்லை. அப்புறம் சமாளித்துக்கொண்டாள்.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் விழுங்கிய சொல்லை நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். இன்னும் மன்னிக்கவில்லை. அது வேறு, இது வேறு.

மே 20, புதன்

பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு பெண், ஆசிரியர் மூலம் எனக்கு எழுதியிருக்கிறாள். பல் மருத்துவமனையில் உதவியாளராம். தாளம் வாசிப்பாளாம். "நாள் முழுக்க எனக்குப் பல் குடையிற மெஷின் சத்தம். மேல் சுருதியெல்லாம் நானே பாத்துக்கறேன், கீழ் சுருதிக்கு ஆள் இல்ல. வர்றீங்களா?"

மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் சிரித்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

பல் மருத்துவமனையின் மாடியில் ஒரு காலி அறை. நாங்கள் மூன்று பேர். பல்காரி தாளம், அவள் அக்கா பாட்டு, நான். அக்காவுக்குத் தோள் அசைவதே இல்லை, மரம்போல நின்று பாடுகிறார். எதைப் பார்த்து வாசிப்பது என்று முதல் இரண்டு வாரம் திண்டாடினேன். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு நானே தொடங்க ஆரம்பித்தேன்.

பட்டை பழையதுதான். மைனா கொண்டுவந்து கொடுத்தது. அன்று அவள் போட்ட முடிச்சு இன்னும் அதில் இருக்கிறது. அவிழ்க்கவில்லை.

இன்று மூன்றாவது முறை வாசித்து முடித்தபோது பல்காரி குச்சியை நீட்டிச் சிரித்தாள். "உங்களுக்கே தெரியாதுன்னு நெனைக்கறேன். ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்க இடது தோள் கொஞ்சம் தூக்குது. நாங்க ரெண்டு பேரும் அதப் பாத்துதான் வர்றோம். சின்ன வயசுலேர்ந்தே அப்படியா?"

"இல்ல" என்றேன். "ஒருத்திகிட்டேர்ந்து வந்தது."

யார் என்று கேட்டாள். கம்பியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். இன்னொரு முறை ஆரம்பிக்கலாமா என்றேன். ஆரம்பித்தோம்.